கழிவு

சுன்னாகம் சந்தையில் என் வேலை
தராசடியில் கத்துகிற எண்ணைக் கொப்பியில் எழுதுவது.
ஐம்பத்திரண்டு. நாற்பத்தொன்பதரை. ஐம்பத்தொன்று.
அடியில் சிவப்புப் பேனையால்
நூற்றுக்குப் பத்துக் கழிவு.

புன்னாலைக்கட்டுவனில் இருந்து வெங்காயம் கொண்டுவருகிற
கனகேந்திரம் கிழமைக்கொருக்கால் சண்டைக்கு நிற்பார்:
"உந்தப் பத்துக் கிலோவும் எங்கை போகுது, பிள்ளை?"
முதலாளியைக் காட்டிவிட்டுக் குனிந்துகொள்வேன்.
எனக்கு வாய்த்த சண்டை வேறு.
என்னில் இருந்து ஒன்றும் போவதில்லை.

விடிய ஐந்தரைக்கு வெறுவயிற்றில் கடுகு போல ஒரு குளிசை.
அரை மணித்தியாலம் பொறுத்துச் சீனி போடாத பிளேன்ரீ.
பிறகு குரக்கன் புட்டு, சிரட்டையால் அளந்து.
மத்தியானம் ஒரு பிடி சோறு,
தேங்காய்ப்பூ பேருக்குத் தூவின வல்லாரைச் சம்பல்.
செவ்வாய் வெள்ளி மச்சமில்லை.
நல்லூரில் கொடியேறினால் இருபத்தைந்து நாளும் இல்லை.
மற்ற நாளில் இரண்டு சூடை மீன்,
தலை பூனைக்கு.
மச்சத்தைக் குறை, தன்பாட்டில் மெலிவாய் என்கிறவர்கள்
எங்கள் கோயில் ஐயரின் வயிற்றைக் கண்டதில்லைப் போல.

கேதீஸ் எனக்கு முன்னால் இருந்து
இரண்டு நீத்துப்பெட்டிப் புட்டையும்
பங்கு இறைச்சிக் கறியையும் வழித்துத் துடைத்துவிட்டு
பெல்ட்டில் புதிதாய் ஓர் ஓட்டை போடுகிறார்.
ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொடுப்பது நான்.

கிளினிக்கில் தாதி கேட்டாள்,
"ஒளிச்சுச் சாப்பிடுறியளோ அக்கா?"
ஒளிக்க எங்கே இடமிருக்கிறது இந்த உடம்பில்,
எல்லாம் வெளியில்தானே நிற்கிறது.
டொக்டர் நல்ல பிள்ளை, கோபிக்கவில்லை.
உங்கடை உடம்பு மெல்லமாத்தான் எரிக்குது,
அவ்வளவுதான், என்றார்.

உமி அடுப்பு.
வரும் வழியெல்லாம் அதுதான் நினைவு.
தொண்ணூற்றைந்தில், மிருசுவில் பள்ளிக்கூடத்தில்
வாங்குகளை அடுக்கி மறைத்த மூலையில்
நாலு பேருக்கு ஒரு கோப்பை பருப்பு.
பத்தொன்பது வயது எனக்கு.
அந்த ஒரு கரண்டியை உடம்பு எப்படிப் பிரித்தது,
காலைக்கு எவ்வளவு, நடக்க எவ்வளவு,
நாளைக்கு எவ்வளவு என்று,
நான் பார்க்கவில்லை.
அப்போது உள்ளே ஒரு கணக்குப்பிள்ளை வேலைக்கு வந்திருக்கலாம்.
சண்டை முடிந்தது என்று
அவளுக்கு ஒருவரும் கடிதம் போடவில்லை.

அல்லது வெறும் தைரொயிட்.

போன சனி, மழை. சந்தை நேரத்தோடு கலைந்தது.
படங்கு மடித்து, விளக்கும் அரைவாசி அணைந்த பிறகு
செருப்பைக் கழற்றிவிட்டு
மூட்டைத் தராசில் ஏறினேன்.
குடையை மறந்துபோய்த் திரும்பிவந்த
நாட்டாமை மரியநாயகம் கண்டுவிட்டான்.
சிரிக்கவில்லை.
பதினெட்டு வருஷம் கத்தின குரலில் கத்தினான்:
"எண்பத்தொண்டு எண்ணூறு!"
கத்தின வாய் நிற்காமல்,
"கழிவு போக எழுபத்திமூண்டு அறுநூற்றி இருவது."
பிறகுதான் இரண்டு பேரும் சிரித்தோம்,
எனக்குக் கண்ணால் தண்ணீர் வரும்வரை.

கொப்பியின் கடைசித் தாளில் எழுதினேன்.
சிவப்புப் பேனையைத் தொடவில்லை.
தை மாதம் எண்பத்துமூன்று.
மூன்று மாதம், குரக்கன், வல்லாரை, கீரிமலை றோட்டில் நடை,
கலியாண வீடுகளில் வேண்டாம் வேண்டாம் என்று
இலையை மூடின கை,
எல்லாம் சேர்த்து ஒரு கிலோ இருநூறு.

ஒரு கிலோ இருநூறு வெங்காயம் நிறுத்துப்
பையில் போட்டேன். என் கணக்கில் காசு எழுதினேன்.
சைக்கிள் ஹாண்டிலில் கொழுவிக்கொண்டு
இணுவிலுக்கு வெளிக்கிட்டால்,
மருதனார்மடம் தாண்டும்வரை
இடப்பக்கமாய்
இழுத்துக்கொண்டே வந்தது.